மொத்த வரி இயல்: ஒரு விளக்கவுரை

பவர் பிஐ அட்டவணையின் அடியில் தடித்த எழுத்தில் நிற்பது யாதெனின், மேலுள்ள வரிகளின் கூட்டுத்தொகை என்பர் ஒரு சாரார். அற்றன்று. மொத்த வரி மேலே உள்ள எந்த வரியையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வரிக்குரிய ஃபில்டர் கழன்றபின் அதே மெஷர், அதாவது கணக்கு வாய்பாடு, இன்னொரு முறை போடும் தனிக்கணக்கு அது. 2010இல் எக்ஸெலின் பவர்பிவட்டோடு, மெஷர்களை எழுதும் டாக்ஸ் மொழி வெளிவந்த காலந்தொட்டு இதுவே விதி.

அதற்குச் செய்கை வருமாறு: இட்லி விலை 10, விற்றது 5, வடை விலை 20, விற்றது 3. விலைகளின் கூட்டலை எண்ணிக்கைகளின் கூட்டலால் பெருக்கும்படி ஒரு மெஷர். இட்லி வரியில் 50, வடை வரியில் 60. அடியில் 110ஐ எதிர்பார்த்து முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். வருவது 240. மொத்த வரிக்கு இட்லியும் தெரியாது, வடையும் தெரியாது. விலை கூடி 30, எண்ணிக்கை கூடி 8, அவ்வளவுதான் தெரியும்.

'டோட்டல் தப்பா வருதே சார்' என்பது இவ்விடத்து எழும் தடை. விடை: ஜனவரியில் வந்த வாடிக்கையாளர் 40 பேர், பிப்ரவரியில் 50 பேர், இரு மாதமும் வந்தவர் 25 பேர். ஆளை ஒருமுறையே எண்ணும் மெஷர் மொத்தத்தில் 65 என்னும். அங்கே 90 வந்திருந்தால் அல்லவா சண்டை! இதைச் சொன்னால் முதலாளி ஒப்புக்கொள்வார். இட்லிக் கணக்குக்கு மட்டும் 110தான் வேண்டும் என்பார். நியாயம்தான்.

பரிகாரம், சம்எக்ஸ், வேல்யூஸ் என்னும் இரு டாக்ஸ் ஃபங்ஷன்கள். பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மெஷரை அதற்கு மட்டும் போட்டு, வந்ததைக் கூட்டுவது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலர் இடறும் இடம். உள்ளே மெஷரைப் பெயர் சொல்லி அழைத்தால், அப்பண்டத்தையே ஃபில்டராக்கும் கால்குலேட் சொல்லாமலே கூட வரும், 110 கிட்டும். பெயரை விட்டு வாய்பாட்டையே உள்ளே எழுதினாலோ அது வராது. பண்டத்துக்கு 240 வீதம் மொத்தம் 480 ஆகும். மேல் வரிகளோ 50, 60 என்று ஒன்றும் அறியாதவைபோல் நிற்கும்.

இனி, வடிவமைப்புப் பகுதிக்குப் போய் மொத்த வரியையே அணைத்துவிடுவோரும் உளர். இவர்கள் டாக்ஸ் கற்றதில்லை. ஆயினும் இவர்கள் அறிக்கையில் டோட்டல் தப்பு என்று எவராலும் சொல்ல இயலாது.