ஹிந்தி போ

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் விருந்தாளி கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் படியிறங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் மீசை நரைத்த ஆளைப் பார்த்து வெறும் ‘போ’ என்று சொல்ல யாருக்கு உரிமை? எனக்கு அம்மா, அப்பா, கோபத்தில் இருக்கும் பெரியப்பா. அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா சொல்லும் ‘போங்க’வில் தொங்கிக்கொண்டிருந்த ‘ங்க’தான் இத்தனை காலம் என் மானத்தைக் காப்பாற்றியது.

நன்னூல் கணக்குப்படி தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் 42. அதில் பகர வரிசைக்கு ஐந்து: பா, பூ, பே, பை, போ. பள்ளியில் இதை ஒப்பித்து வாத்தியாரிடம் சபாஷ் வாங்கியவன் நான். அந்தக் கடைசி எழுத்து துபாயில் காத்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

கணக்கு எழுதும் வேலைக்குப் போன அலுவலகத்தில் பாதிப் பேர் கபாயன்கள். வளைகுடாவில் பிலிப்பைன்ஸ்காரர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவர்கள் பேச்சில் அதற்கு ‘நம்ம ஊர்க்காரர்’ என்று அர்த்தம். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒரு காகிதத்தை நீட்டினேன். ‘தேங்க்யூ போ’ என்றார். வேலை முடிந்தது, இடத்தைக் காலி பண்ணு என்கிறாரா? இன்னொரு நாள் ‘வெயிட் போ’. நிற்பதா, போவதா? நடைவழியில் பாதி திரும்பியபடி நின்றேன். என் மகள் வயதிருக்கும், என்ன திமிர் பாருங்கள் என்று மலையாளி அறைத்தோழரிடம் புலம்பினேன். பழிவாங்கும் விதமாகக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கோபம் பாசமானது ஒரு தொலைபேசிப் பேச்சால். அவர் யாரிடமோ அழுத்தமாக, ‘ஹிந்தி போ... ஹிந்தி போ’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2020-ல் ‘ஹிந்தி தெரியாது போடா’ பனியன் தமிழ்நாட்டையே கலக்கியபோது என் தொப்பைக்கு அளவு கிடைக்காமல் போராட்டத்தில் கலந்துகொள்ள முடியாதவன் நான். அவர் போனை வைத்ததும் பக்கத்தில் போய், 1937-ல் ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்ததில் ஆரம்பித்து, 1965 மாணவர் போராட்டம் வரை என் ஓட்டை இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, ‘சார், எங்க பாஷையில ஹிந்தின்னா வேண்டாம், இல்லைன்னு அர்த்தம்’ என்றார்.

‘எங்க ஊர்லயும் அதேதான்மா’ என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் ஏறியது. தகலாக் மொழியில் ‘ஹிந்தி’ என்பது மறுப்புச் சொல். நம் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘போ’ என்பது பெரியவர்களிடம் பேசும்போது சேர்க்கும் மரியாதை ஒட்டு. ஆக, ‘ஹிந்தி போ’ என்றால் ‘இல்லைங்க’. எந்த ‘ங்க’ என் மானத்தைக் காத்து வந்ததோ, அதே ‘ங்க’வைத்தான் அந்தப் பெண் எனக்குத் தினமும் தந்துகொண்டிருந்தார். அவர்கள் போ நம்முடையதுபோல நீளவும் நீளாது, தொண்டையில் வெட்டுப்பட்டுச் சட்டென்று நிற்கும். ரோஷம் அடைத்த காதில் அந்த வித்தியாசம் எப்படி விழும்?

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கே அடுத்த வீட்டு வாசலில் நின்று ‘தாவோ போ’ என்று குரல் கொடுப்பார்களாம்; மனுஷன் வந்திருக்கேனுங்க என்கிற மாதிரி. புதரையோ புற்றையோ கடக்கும்போது கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் ‘தாபி தாபி போ’ என்று வழி கேட்பார்களாம். பேய்க்கும் ‘ங்க’! ஜீப்னி வண்டியில் இறங்கும் இடம் வந்தால் ‘பாரா போ’ என்பார்கள். நம் ஊரில் ‘போலாம் ரைட்’ என்றால் பஸ் கிளம்பும். அங்கே ‘போ’ என்றால் வண்டி நிற்கும்.

இந்த அளவோடு நிறுத்தியிருக்கலாம். கன்னடத்தில் நம் பகரம் ஹகரமாகும்: பால் ஹாலு, பூ ஹூவு, போ ஹோகு. தகலாக்கிலும் போவுக்குச் சற்றே மரியாதை குறைந்த ‘ஹோ’ என்றொரு தம்பி உண்டு என்று கேள்விப்பட்டதும் என் கை பரபரத்தது. 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கப்பல்களில் ஒன்றை வழிதவறச் செய்து மணிலாவில் கரைசேர்த்தேன். நம் மாங்காய் மலாய் வழியாக அங்கே போய் ‘மங்கா’ ஆனது நிஜம் என்பதால் கையில் ஆதாரமும் இருந்தது. துபாய் கராமா பகுதியில் ஒரு டீக்கடையில் வைத்து இதை வெளியிட்டேன்.

அறைத்தோழர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். தகலாக்குக்குத் தூரத்துச் சொந்தமான மாவோரி மொழியில் போ என்றால் இரவு. சிலியில் பேச்சுக்குப் பேச்சு வரும் ‘போ’, ஸ்பானிஷ் ‘புவெஸ்’ தேய்ந்தது. ‘இத்தாலியில் 652 கிலோமீட்டர் ஓடுதே போ நதி, அதையும் உங்க ராஜேந்திரன்தான் வெட்டினாரா சேட்டா?’ கப்பல் அங்கேயே மூழ்கியது. டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பார்க்கிற கபாயனுக்கெல்லாம் ‘போ’ சேர்த்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். சம்பளப் பிரிவு அம்மாளின் முகம் சுருங்கியது. ‘நான் அவ்வளவு கிழவியாவா தெரியறேன்?’ மரியாதையோடு வயதும் சேர்ந்தே வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் எனக்கு விழுந்த போக்கள்? யோசித்துப் பார்த்தேன். என்னைவிட இளைய மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டீ கொண்டுவரும் பையன் முதல் எல்லோரும் போ சொல்வது எனக்கு மட்டும்தான்.

வரவேற்புப் பெண்ணிடம் போய், ‘எனக்கு போ வேண்டாம்மா’ என்று கேட்டுக்கொண்டேன்.

‘ஓகே போ’ என்றார்.

முறைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, ‘ஓகே, லோலோ’ என்று திருத்திக்கொண்டார்.

விசாரித்தேன். லோலோ என்றால் தாத்தா. ‘லோலோன்னு அலையாதடா’ என்று அப்பா அந்தக் காலத்தில் திட்டியதுண்டு. இவ்வளவு தொலைநோக்கோடு திட்டினார் என்று தெரியாது. மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் போய், போவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.