12ஆம் தேதிக்குள் பிறந்தவர்கள் கவனத்துக்கு

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் 03/04/2025 என்று கொடுத்தால், அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நம் ஏப்ரல் 3 அம்போ. 13/04/2025 என்றால்தான் பதின்மூன்றாம் மாதத்துக்கு எங்கே போவது என்று கைவிரிக்கும். ஆக, 12ஆம் தேதிக்குள் பிறந்தவர்களுக்குப் பிறந்தநாள் சத்தமில்லாமல் மாறும்; பிந்திப் பிறந்தவர்களுக்கு இணையப் படிவமே நகராது. 4/4, 5/5காரர்கள் மட்டும் புண்ணியவான்கள்.

ஆண்டு-மாதம்-நாள் என்று ஐஎஸ்ஓ 8601 தரம் 1988லேயே பஞ்சாயத்தை முடித்துவிட்டது. அதை நம்பி ஜாவாஸ்கிரிப்டிடம் 2025-04-03 என்று கொடுத்துப் பாருங்கள்: உலகப் பொதுநேர நள்ளிரவாகக் கணக்கிட்டு, நியூயார்க்கில் இருப்பவருக்கு ஏப்ரல் 2 என்று காட்டும். போதாக்குறைக்கு மாதத்தை 0 முதல் எண்ணும், தேதியை 1 முதல் எண்ணும்.

இந்த மொழியின் முதல் வடிவம் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் உருவானதாம். எந்தப் பத்து நாள் என்று அதனிடமே கேட்டுவிடாதீர்கள்.