கம்பளி கேக்குற கன்னு

வா மாப்ளே, உக்காரு. பெட்டிக்குள்ள பஞ்சு சுத்தி, தபால்ல மரக்கன்னு வந்து எறங்குச்சாமே? மக்னோலியாவாம்! இலை துளுக்குறதுக்கு முன்னாலயே மொட்டைக் கெளை பூரா ஊதாவும் வெள்ளையுமாப் பூக்குமாம். படத்துல நல்லாத்தான் இருக்கு. எங்க காலத்துல பொண்ணு வீட்டுலயும் படந்தான் காட்டுனாங்க.

அது யாரு வளத்த புள்ளைன்னு தெரியுமா? நெப்போலியன் பட்டாளத்துல குதிரைப்படை அதிகாரியா இருந்தவரு சூலாஞ்ச் போதேன். பாரிசுப் பக்கம் தோட்டம் போட்டு, சீனத்து மக்னோலியா ரெண்டை இணை சேத்தாரு. 1826-ல மொதப் பூ. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே. பேத்தி போன்ல படிச்சுச் சொன்னா. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது இல்ல.

அது குளிர் தின்னு வளந்த சாதி மாப்ளே. கோடையிலயே மொட்டுக் கட்டி, ரோமச் சட்டை போட்டுக் குளிர்காலம் பூராத் தூங்கும். பனி விலகுனாத்தான் கண்ணு தொறக்கும். நம்ம ஆத்தூர்ல மார்கழியிலயே நீ பனியனோட திரியிறே, அது எப்பத் தூங்கி எப்ப முழிக்கிறது? ஏசி ரூமுல ஒரு கட்டில் போட்டுக் குடு. கரண்டு பில்லை உம் பொஞ்சாதி பாத்துக்குவா.

ஊட்டிப் பக்கம் எடம் கிடம் வாங்கிட்டியா? அங்க குளிராவது உண்டு. ஆனா இலை உதுந்து நிக்கிறப்பக் கத்தரியைத் தூக்குனே, வரப்போற பூவைத்தான் வெட்டுறே. பூத்து முடிஞ்ச கையோட வெட்டணும். வேரு சதைப்பத்து, தொட்டா முறியும். பீரோவை நகத்துற மாதிரி வருசத்துக்கொரு எடம் மாத்தாதே.

இத்தனைக்கும் அதோட பங்காளி நம்ம கோயில் நந்தவனத்துலயே நிக்கிறான், செண்பகம். முன்னே மிசேலியான்னு தனிக்குடித்தனம் வெச்சிருந்த படிச்சவங்க, இப்ப மக்னோலியாக் கூட்டத்துலயே சேத்துட்டாங்க. மஞ்சப் பூ ஒண்ணு சட்டைப்பையில கெடந்தாத் தெருவே திரும்பிப் பாக்கும். அதோட வெதையை டப்பாவுல பூட்டி வெச்சாச் செத்துப்போகும். காயுறதுக்குள்ள மண்ணுல போடணும். வெதைக்கன்னு பூக்க எட்டு, பத்து வருசம்கூட இழுக்கும். ஒட்டுக்கன்னு ரெண்டு மூணு வருசத்துல காட்டிரும். தண்ணி தேங்குற எடம் ஆகாது. ஜன்னலை ஒட்டியும் வெச்சுராதே, ஓங்கி வளர்ற மரம்.

கன்னுக்கு எங்க அலையிறதுன்னு யோசிக்காதே. நம்ம கெணத்து மேட்டுல அஞ்சாறு ஒட்டு நிக்குது. சொந்தத்துக்குள்ள வெலை பேசப்படாது மாப்ளே. அந்தத் தபால் கன்னுக்கு என்ன குடுத்தியோ, அதையே குடு.