அதித்லானை ஆண்டருளிய பெருவாய்ப் பெருந்தகை

குவாதமாலா நாட்டு மலைகளுக்கிடையே அதித்லான் என்றொரு ஏரி. மூன்று எரிமலைகள் காவல் நிற்க, ஏறத்தாழ 340 மீட்டர் ஆழத்துக்கு நீலம் நிறைந்த நீர். கண்டவர்களெல்லாம் அதன் அழகில் மயங்கி நின்றார்களே தவிர, அதில் ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடிக்கும் நுண்ணறிவு 1958 வரை எவருக்கும் வாய்க்கவில்லை. தூண்டிலில் மாட்டியதும் துள்ளிப் போராடி, விடுமுறைக்கு வந்த கனவானின் தோளை இனிதே நோகச் செய்யும் மீன் அங்கே இல்லை! இருந்தவை சின்னஞ்சிறு மீன்களும் நண்டுகளும்தான். கரையோரத்துச் சுட்டுஹில் மாயா மக்கள் அவற்றைப் பிடித்து வயிறு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பசிக்காக மீன் பிடிப்பது எத்தனை கீழான வழக்கம் என்று அவர்களுக்கு எடுத்துரைக்க அதுவரை சான்றோர் எவரும் வரவில்லை.

சுற்றுலாவை வளர்க்கத் திருவுளம் கொண்ட மேதைகள் அக்குறையைத் தீர்த்தருளினார்கள். வட அமெரிக்க நீர்நிலைகளின் செல்வப் புதல்வராகிய பெருவாய் பாஸ் மீனை அழைத்து வந்து ஏரியில் எழுந்தருளச் செய்தார்கள். அதித்லானிலிருந்து வெளியேறி ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வந்த விருந்தினர் போய்விடுவாரோ என்று அழைத்தவர்கள் கலங்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவை தப்பிவிடுமோ என்று விருந்தினரும் கலங்க வேண்டியதில்லை. எவ்வளவு முன்யோசனை!

அந்தத் திருவாயின் மாட்சியை எப்படிச் சொல்வேன்? கண்ணையும் தாண்டிப் பின்னே நீளும் வாய் அது. அந்த வாய்க்குள் அடங்குவது மீனா, நண்டா, தவளையா என்று பேதம் பார்க்கும் சிறுமை அதற்கில்லை. குடும்ப வாழ்விலோ ஆண் பாஸ் ஓர் உத்தமத் தந்தை. கூட்டைவிட்டு அகலாமல், தன் குஞ்சுகளை இரவும் பகலும் காக்கும். பிறர் குஞ்சுகளைப் பசியாற ஏற்றுக்கொள்வதும் குழந்தைகள் மீதுள்ள அதே பற்றின் விரிவு என்றே கொள்ள வேண்டும்.

பிறர் குஞ்சுகள் என்றேன். அந்த ஏரியில் ஒரு முக்குளிப்பான் இருந்தது. ஊரார் அதைப் 'போக்' என்றார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, பறக்கவும் இயலாதது. நாணலில் கூடு கட்டி, நண்டையும் சிறுமீனையும் தின்று, எத்தனையோ தலைமுறையாக ஓர் ஏரியையே உலகமென்று நம்பியிருந்த பேதை. பெருந்தகை அதன் உணவைத் தாம் உண்டு அதன் உடலை இளைக்கச் செய்தார். குஞ்சுகளையும் விழுங்கி வளர்க்கும் சுமையிலிருந்து தாய்க்கு விடுதலை அளித்தார். 1960இல் ஏறத்தாழ 200 இருந்தவை, ஐந்தே ஆண்டுகளில் 80 ஆயின.

இதைப் பாராட்டத் தெரியாமல், ஆன் லபாஸ்டில் என்ற அமெரிக்க அம்மையார் படகில் அலைந்து பறவைகளை எண்ணினார். 1966இல் அவற்றுக்கொரு சரணாலயமும் அமையச் செய்தார். அவர் பிடிவாதத்தால் 1973இல் 210 பறவைகள் நீந்தின. நல்லவேளையாக, 1976 பூகம்பத்தில் ஏரியின் அடித்தளம் பிளந்து நீர்மட்டம் இறங்கியது. அதைக் காட்டி, பறவை அழிந்த பெருமை முழுவதையும் பூகம்பத்துக்கே சூட்ட முனைபவர்கள் உண்டு. இந்த அநீதியை என்னால் பொறுக்க முடியாது. நிலம் நடுங்குவதற்குப் பதினோராண்டு முன்பே, ஓர் இனத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து நிறுத்தியவர் யார்? உழைத்தவரின் புகழ் உழைத்தவருக்கே சேர வேண்டும்.

அழைத்துவந்தவர்களின் பெருமையும் குறையக் கூடாது. அலபாமாவில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற விஞ்ஞானி, குளங்களை வடித்து மீன்களை நிறுத்து, வேட்டை மீன் இவ்வளவு, இரை மீன் இவ்வளவு என்று விகிதம் கண்டு எழுதிவைத்தார். பாஸ் பெருகினால் பிடித்துக் குறைக்க வேண்டும், இரை தீர்ந்தால் பாஸும் மெலிந்து குறுகிவிடும் என்று இன்றும் ஏரி பராமரிப்பவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கப்பிள்ளை வேலை! அதித்லானின் அதிபதிகளோ, நீரில் ஏற்கெனவே இருப்பவை எவை, அவற்றைத் தின்று யார் வாழ்கிறார்கள் என்ற அற்பக் கேள்விகளால் தங்கள் திருவுள்ளத்தை மாசுபடுத்திக்கொள்ளவில்லை. மீனை விட்டார்கள், கைகழுவினார்கள், ஏரியில் தண்ணீருக்கா பஞ்சம்?

சுட்டுஹில் மக்களுக்குக் கிடைத்த நன்மையையும் மறக்கலாகாது. சிறுமீனும் நண்டும் அருகியபின், அவற்றை அரித்தெடுக்கும் சிரமம் அவர்களுக்குக் குறைந்தது. சோளரொட்டியோடு தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்வியை மட்டும் பெருந்தகை அவர்களிடமே விட்டுவைத்தார். எல்லாவற்றையும் தாமே விழுங்குவது பெருந்தன்மைக்கு அழகல்லவே.

1983இல் 32 பறவைகள். 1989இல் இரண்டு. அதன்பின் எண்ணுகிறவர்களுக்கு வேலை வைக்கவில்லை. இப்போது விடிகாலையில் ஒரு கனவான் தூண்டிலை வீசி அமர்ந்தால், அவரது மோனத்தைக் கலைக்க நாணலுக்குள்ளிருந்து 'போக்' ஒன்று கூப்பிடுவதில்லை.