கோரம் அண்ணாச்சி

திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊராட்சிக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும். ஊருக்கு அவர் 'கோரம் அண்ணாச்சி'.

கிராம சபை என்றால் காலையிலேயே சலவை வேட்டியில் ஆள் ஆஜர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு சபைதான் இருந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறானது. அண்ணாச்சிக்கு வருடத்துக்கு இரண்டு வடை கூடுதல்.

அவரைக் கண்டால்தான் ஊராட்சிச் செயலருக்கு உயிர் வரும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் சபை செல்லும். இந்தக் குறைந்தபட்ச வருகைக்குப் பெயர்தான் 'கோரம்'. தலை குறைந்தால் அண்ணாச்சி போனை எடுப்பார்: "ஏல, ரெண்டு நிமிசம் வந்து கையெழுத்தப் போட்டுட்டுப் போ. டீ உண்டு."

வரவு செலவு வாசிக்கையில் வடை. குடிநீர்த் தீர்மானத்துக்கு டீ. "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்ற குரல் கேட்டதும் கை தானாக உயரும். எதற்கு என்று கேட்டால், "நல்லதுக்குத்தாம்ல!"

நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருத்தி எழுந்து, "போன சபையில எழுதுன தெருவிளக்கு என்னாச்சு?" என்றால்தான் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். "உக்காரும்மா, சபை மரியாதை வேண்டாமா?"

அன்று மாலையே டீக்கடையில் அலுத்துக்கொள்வார்: "எங்க தெருக் குழாயில தண்ணி வரல. ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்!"

கேட்கும் இடத்தில்தான் காலையில் வடை தின்றார். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரும் அதிகாரத்தை அந்தச் சபைக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் 'வேண்டாம்' என்றன. வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத் திட்டமே நின்றுபோனது. அவர்களும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தாம். வாயைத் திறந்தார்கள், அவ்வளவே.

அடுத்த சபைக்கு நீங்களும் போங்கள். கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்த பிறகு, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். வடை ஆறினால் ஆறட்டும்.