மஞ்சள் பின் மாமா

புது டிவி வந்த வீட்டில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். மஞ்சள் பின் மாமா மட்டும் அதன் முதுகைப் பார்ப்பார். கையில் மூன்று பின் வைத்த ஏவி வயர்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. டிவியின் முதுகிலோ ஹெச்டிஎம்ஐ ஓட்டைகளாகவே இருக்கும். “இவ்வளவு காசு வாங்கினானே, ஒரு மஞ்சள் ஓட்டை வைக்க மனசு வரலையே!” என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

மாமாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பரணிலிருந்து அவர் இறக்கியிருப்பது தொண்ணூறுகளில் நம் கடைகளில் விற்ற ‘டிவி கேம்’. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமுக்கு நகல். கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே மாரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது, மறுபடியும் மாரியோ. கேசட்டைச் செருகுமுன் அதன் வாயில் பக்தியோடு ஊதுவார். எச்சில் ஈரம் பட்டு உள்ளே அரித்துவிடும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். “செஞ்சவனுக்கு என்ன தெரியும்? ஊதினவனுக்குத்தானே தெரியும்!”

அடுத்து, மாற்றுப் பெட்டி வாங்கச் சென்னை ரிச்சி தெரு. ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டியும் ஹெச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும் பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். முதல் தடவை மாமா தவறாமல் எதிர்த்திசைப் பெட்டியைத்தான் வாங்கி வருவார். மாற்றப் போகும்போது கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. இவரைப் போல் பலரைப் பார்த்தவர்.

ஒருவழியாகப் படம் வரும். சதுரத்துக்கு வரைந்த படத்தை அகலத் திரை இழுத்துப் பிடித்ததில் மாரியோ பருத்துப்போயிருப்பார்.

“ஏங்க, இவர் ஏன் இப்படி ஊதிட்டார்?”

“முப்பது வருஷத்துல எனக்கு மட்டும்தான் தொப்பை போடணுமா?”

அது கூடப் பரவாயில்லை. பட்டனை அமுக்கினால் மாரியோ கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறார். அதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது. பழைய பெட்டி 240 வரிகளை முழுப் படமாகத்தான் அனுப்புகிறது. நடுவில் இருக்கும் மாற்றுப் பெட்டி அதைப் பாதிப் படம் என்று எண்ணி, அடுத்ததையும் வாங்கிப் பின்னிப் பெரிதாக்குகிறது; புது டிவி தன் பங்குக்கு மெருகேற்றிக் காட்டுகிறது. விஷயம் மாமாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஆபீசில் அவர் முழுசாக எழுதிக் கொடுப்பதையும் மேனேஜர் இப்படித்தான் பார்த்துவிட்டு “மீதி எங்கே?” என்பாராம்.

“அப்பா, செட்டிங்ஸ்ல கேம் மோட் போடுங்க” என்கிறான் மகன். அவன் சொல்லியா போடுவது? எல்லோரும் தூங்கிய பிறகு போட்டுக்கொள்வார்.

ஆனால் வாத்து சுடும் துப்பாக்கி விஷயத்தில் எந்த மோடும் உதவாது. விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். குழலுக்குள் இருக்கும் ஒளிக்கண் அந்த வெளுப்பைத் தேடும். பிக்சர் ட்யூப் டிவி அதை அந்தக் கணமே தீட்டிவிடும். தட்டை டிவி தாமதமாகக் காட்டுவதற்குள் துப்பாக்கி ‘குறி தப்பியது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. கண்ணாடியை மூக்கு நுனி வரை இறக்கி, திரையில் குழலை ஒட்டவைத்தே சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சொந்தபந்தம் மேல் திடீர்ப் பாசம். தேடித் தேடி வயதானவர்களாகப் பார்க்கக் கிளம்புகிறார். போன ஞாயிறு கிராமத்துப் பெரியம்மா வீடு. 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி, சீரியலோடு உயிரோடு இருந்தது. மாமா ஆப்பிள் பையை நீட்டினார்.

“உடம்பு எப்படி இருக்கு பெரியம்மா?”

பெரியம்மா பையை வாங்கி உள்ளே வைத்தார்.

“உடம்புக்கு என்னடா, நல்லாத்தான் இருக்கு. டிவிக்குன்னா, உன் சித்தப்பா மவன் முந்தாநாளே வந்து துண்டு போட்டுட்டுப் போயிட்டான்.”