ஓராள் காத்துக்கு ஒரு படகு

வாங்க டீமேக்கரய்யா. ஈ.பி.எப். காசு வந்துருச்சாம், நீர்கொழும்புல பாய்ப்படகு வாங்கப் போறீங்களாம், கினிகத்தேனை டவுன் முழுக்க இதே பேச்சு. நல்லது. இந்த ஊரு மழையில நனைஞ்சது பத்தாது, உப்புத்தண்ணியிலயும் நனையணும்னு தலையில எழுதியிருந்தா யாரு அழிக்கிறது?

ஆனா முப்பத்தஞ்சு அடி, ரெண்டு பாய்மரம்னு கேட்டீங்களாமே? கொழுந்து வாட்டுற மாடிக்கு ஏறயிலயே நடுப்படியில நின்னு, ஏதோ கணக்குப் பாக்குற மாதிரி மூச்சு வாங்குவீங்க. எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?

நீர்கொழும்பு மீன்காரங்க வள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு மெதவக் கட்டை இருக்கும். காத்து ஏறுனா வள்ளம் கவுராம இருக்க ஆளுங்க அதுல போய் நிக்கணும். ஒருத்தர் போனா ஓராள் காத்து, ரெண்டு பேரு போனா ரெண்டாள் காத்து. காத்துக்கு அதுதான் அந்தக் காலத்து அளவு. உங்க படகுல அந்த ஓராளும் நீங்களே. அப்ப சுக்கான் யாரு புடிப்பா, உங்க வீட்டம்மாவா? வீட்டுச் சுக்கான விட்டுட்டு அவங்க வருவாங்களாக்கும்!

சிசெஸ்டர்னு ஒரு வெள்ளைக்காரரு, 1966ல, 64 வயசுல, ‘ஜிப்சி மாத் 4’ல தனியா ஒலகத்தச் சுத்தக் கெளம்புனாரு. அம்பது அடிக்கு மேல நீளம். சுத்தி வந்தாரு, சர் பட்டமும் கெடச்சுது. ஆனா அந்தப் படகத் திட்டுன திட்டு கொஞ்சமில்ல.

ஹாஸ்லர்னு இன்னொரு வெள்ளைக்காரரு, அவருதான் வெவரமான ஆளு. அவரு படகு ‘ஜெஸ்டர்’ 25 அடிதான். ஒரே பாய், சீனாக்காரன் படகு மாதிரி குறுக்குக் கம்பு வச்சது. உள்ள இருந்தே கயித்த விட்டு இழுத்தா பாய் சுருங்கிரும், மேல்தட்டுல தவழுற வேலையே இல்ல. 1960ல அட்லாண்டிக்கத் தனியாத் தாண்டுற போட்டியில சிசெஸ்டர் மொதல்ல வந்தாரு, 40 நாளு. ஹாஸ்லருக்கு 48. எட்டு நாளு பிந்தி. உங்களுக்கு என்ன, நாளைக்குப் பெரட்டு அடிக்கவா போறாங்க?

அதனால சின்னதாப் பாருங்க. ஒரு மரம், ஒரு பாய், ஒக்காந்த எடத்துக்கே வர்ற கயிறு. காத்து செத்துட்டா கரைக்கு வர ஒரு சின்ன எஞ்சின். மொதல்ல பொல்கொடை வாவியில பழகுங்க. மே மாசத்துல இருந்து தென்மேல் காத்து வந்துட்டா நீர்கொழும்புக் கடல் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க.

காசு குடுக்க முந்தி, காத்துள்ள நேரத்துல தனியாப் பாய ஏத்தி எறக்கிக் காட்டுங்க. எறக்க முடியலன்னா, அந்தக் காச அம்மா கையில குடுத்துருங்க.